நாய்க்குட்டி வெளியே மூத்திரம் போகமாட்டேங்குது, வீட்டுக்குள் வந்ததும் கால்மிதியில் போகுது: உதவி வேணும்

மூணாவது மாடி (வேளச்சேரி):
எங்க நாட்டு நாய்க்குட்டிக்கு 5 மாசம், பெண். தடுப்பூசி முடியுற வரைக்கும் கீழே இறக்காதீங்கன்னு டாக்டர் சொன்னதால பால்கனி டைல்ஸ்லயே பழக்கினோம். இப்போ காலை 6, ராத்திரி 9 மணிக்கு அரை மணி நேரம் நடத்துறேன். மோந்து மோந்து பார்க்குது, தெருநாய் குரைச்சா வாலைச் சுருட்டிக்குது, ஒண்ணும் போறதில்லை. வீட்டுக் கதவைத் திறந்து பெல்ட்டைக் கழற்றுறதுக்குள்ள செருப்பு ஸ்டாண்டு பக்கத்துக் கால்மிதியில உட்கார்ந்துடுது. ஒரு தடவை அதட்டிட்டேன். மறுநாள் கட்டிலுக்கு அடியில போய் வச்சிருந்தது. பார்த்ததும் மனசு தாங்கல. எங்கே தப்பு பண்றேன்?

கோவை அக்கா:
அதட்டுறதை முதல்ல விட்டுருங்க. "இங்க போகக்கூடாது"ன்னு அதுக்குப் புரியாது, "இவங்க முன்னாடி போகக்கூடாது"ன்னுதான் புரியும். அதனாலதான் கட்டிலுக்கு அடியில போயிருக்கு. வெளியேயும் உங்க முன்னாடி உட்காரப் பயப்படும்.

இன்னொண்ணு, குட்டியில எந்தத் தரையில பழகுச்சோ அதே தரையைத்தான் கால் தேடும். உங்க குட்டிக்கு அது டைல்ஸ். தார் ரோட்டுல அரை மணி நேரம் நடந்தா அது வேடிக்கை பார்க்கிற நேரம்ங்க. நாய்ங்க வராத மண்ணோ புல்லோ ஒரே ஒரு மூலையைப் பிடிங்க. சாப்பிட்டு 15–30 நிமிஷத்துல, தூங்கி எழுந்த உடனே அங்க கூட்டிப் போய்ச் சும்மா நில்லுங்க. பேசாதீங்க, போனைப் பார்க்காதீங்க. போய் முடிச்ச அந்த நொடியே தீனி கொடுங்க. வீட்டுக்கு வந்து கொடுத்தா எதுக்குன்னே தெரியாது. முடிச்சதும் உடனே திருப்பிக் கூட்டிட்டு வரவும் வேண்டாம். போனா நடை முடிஞ்சுடும்னு அடக்கக் கத்துக்கும். 5 மாசக் குட்டிக்கு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பத்தவே பத்தாது, அஞ்சாறு தடவையாவது இறக்குங்க.

பழைய பினாயில்:
கால்மிதியைத் தூக்கிடுங்க. பினாயில் நம்ம மூக்குக்குத்தான் வாசனையை மறைக்கும், நாய்க்கு அடியில இருக்கிற மூத்திர வாடை தெரியும். செல்லப்பிராணிக் கடையில என்சைம் கிளீனர் (மூத்திரக் கறையையே சிதைச்சு வாடையைப் போக்குற திரவம்) கேளுங்க.

கோவை அக்கா:
ஒரு சந்தேகம். அடிக்கடி சொட்டுச் சொட்டாப் போகுதா? மூத்திரம் போற இடத்தை நக்கிக்கிட்டே இருக்கா? ரத்தம் தெரியுதா? இருந்தா அது பழக்கப் பிரச்சனை இல்லை, மூத்திரத் தொற்றா இருக்கலாம். அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிருங்க.

மூணாவது மாடி:
அதெல்லாம் இல்லைக்கா, நல்லாத்தான் போகுது.

மூணாவது மாடி (12 நாள் கழிச்சு):
பில்டிங் பின்னாடி, புங்க மரத்தடியில மண் இருக்கு. அது பால்கனியில போனதைத் துடைச்ச பேப்பரை அங்க வச்சு மேல கொஞ்சம் மண்ணைப் போட்டேன். மூணு நாள் நின்னதுதான் மிச்சம், கொசுக்கடி வேற. நாலாவது நாள் காலையில அந்த இடத்தை மோந்தது, ரெண்டு சுத்து சுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்தது. அவிச்ச கோழித் துண்டு கையிலயே வச்சிருந்தேன். அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள ரெண்டே தடவைதான், ரெண்டும் நான் இறக்க லேட்டான நாள். மழை பெய்தா மட்டும் மரத்தடிக்கு வரமாட்டேன்னு அடம். அதுக்கு என்ன பண்றதுக்கா?