விடுதிப் பள்ளியின் ஆண்டு இறுதி விழாவும் கடைசி பஸ்ஸும்

விடுதி வாழ்க்கையின் கடைசி நாள் என்றதும் எல்லாரும் நடனம், கேக், அழுகை என்றுதான் எழுதுவார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது பஸ் நேரம்தான். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் சிஸ்டர்மார் நடத்திய சின்னப் பெண்கள் பள்ளி அது (பெயர் வேண்டாமே), விடுதியில் அறுபது எழுபது பேர் இருப்போம், முக்கால்வாசிப் பேர் பொகவந்தலாவை, மஸ்கெலியா, சாமிமலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள்.

அப்போதெல்லாம் தரம் 11 முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சை டிசம்பரில். அதனால் நவம்பர் கடைசியில், சின்னப் பிள்ளைகள் மூட்டை கட்டுவதற்கு முன்னாலேயே, பரிசளிப்பு, ஒளி விழா (பள்ளிக் கிறிஸ்மஸ் விழா), தரம் 11க்கான பிரியாவிடை மூன்றையும் ஒரே நாளில் போட்டுவிடுவார்கள். தனித்தனியாக வைக்கக் காசு ஏது. பால்மா பக்கெட்டைக் கழுவி, வெட்டி, உள்பக்கத்து வெள்ளியை வெளியே திருப்பி ஒட்டினால் பெத்லகேம் நட்சத்திரம் ரெடி. தேவதைகளில் பாதிப்பேர் நெற்றியில் விபூதியோடு வந்து நிற்பார்கள், சிஸ்டர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அந்த விசயத்தில் நல்ல மனுசி.

பிரச்சினை எங்கே என்றால், பிரதம அதிதியின் வசதிக்காக விழா எப்போதும் வேலைநாளில்தான். அம்மா வந்தால் அவருக்கு அன்றைய பேர் இல்லை, அதாவது தோட்டத்து வேலைக் கணக்கில் அந்த நாள் விழாது. பேர் போனால் அந்த நாள் சம்பளம் மட்டும் போகாது, அந்தக் காலக் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டம் கொடுக்கிற வேலைநாட்களில் 75 வீதம் வந்திருந்தால்தான் வரவுக் கொடுப்பனவும் கிடைக்கும், நவம்பரில் காய்ச்சல் அது இது என்று ஏற்கெனவே நாள் உடைந்திருக்கும். அப்படியும் கடன் வாங்கிய சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

பத்து மணி என்று அழைப்பிதழில் அடித்த விழா பன்னிரண்டரைக்குத் தொடங்கியது, அதிதி வந்து சேரவில்லை என்பதால். வந்தபிறகு மாலை, பொன்னாடை, மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, அப்புறம் அவருடைய உரை. மலையக மக்களின் கல்வி பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அந்த மலையக மக்கள் பின்வரிசையில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேல்கணக்குக்கு (தோட்டத்தின் மேல் பிரிவு) ஏறுகிற கடைசி பஸ் பொகவந்தலாவையில் ஐந்தரைக்கு, அதைப் பிடிக்க ஹட்டனில் நான்கு மணிக்காவது ஏறியாக வேண்டும். பரிசோ தரம் 6இலிருந்து தொடங்கி மேலே போகும், பள்ளியை விட்டே போகிற நாங்கள் கடைசி. மூன்றே முக்காலுக்கு அம்மா எழுந்து எனக்குக் கையைக் காட்டினார். வாசலில் நின்ற சிஸ்டரிடம் "இன்னும் எத்தன பேருங்க சிஸ்டர், எம்புள்ள பேரு வர?" என்று கேட்டாராம். தமிழ்ப் பாடத்துக்கான பரிசை வாங்க நான் மேடையேறியபோது அவர் டிக்கோயா தாண்டியிருப்பார்.

இதில் இன்னொன்றும் எனக்கு ஆறவில்லை. அதிதிகளுக்கு மேல்மாடியில் சோறும் கோழியும், சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்களுக்குப் பனிசும் பிளேன்டீயும்.

உண்மையான கொண்டாட்டம் பரீட்சை முடிந்த இரவுதான். விடுதியில் நாங்கள் மட்டும். மேட்ரன் சாவியை எங்களிடமே கொடுத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார், டின் மீன் குழம்பும் அப்பளமும் பொரித்துக் குசினி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம், டிசம்பர் குளிருக்கு அடுப்பை விட்டு எழும்ப யாருக்கும் மனமில்லை. வெள்ளைச் சீருடை முழுக்கப் பேனாவால் கையெழுத்து. கணக்கு டீச்சரைப் போல நடித்துக் காட்டிய ஒருத்தி விடிய விடியச் சிரிக்க வைத்தாள். மறுநாள் வீட்டுக்குப் போவதுதான் பெரும் பாடு. டிசம்பர் பௌர்ணமியான உந்துவப் போயாவோடு சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்கிவிடும், மலையேற நல்லதண்ணி போகிற கூட்டத்தில் ட்ரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவர்களுக்குத்தான் அது தெரியும். நோர்வூட் வரை ஒரு காலில் நின்றேன்.

இப்போது அக்காவின் மகள் வேறொரு சின்ன விடுதிப் பள்ளியில் படித்து முடித்திருக்கிறாள். கொரோனாவுக்குப் பிறகு பரீட்சை மாதமே மாறிவிட்டது, 2021ஆம் ஆண்டுக்கான சாதாரண தரமே 2022 மே மாதம்தான் நடந்தது, அதோடு பிரியாவிடையும் டிசம்பரை விட்டு நகர்ந்துவிட்டது. ஆனால் அங்கே விழாவை ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த கையோடு வைக்கிறார்கள். விட்டுப் போகிற பிள்ளைகளுக்கு முதலில் பரிசு, அதுவும் அம்மாவையோ அப்பாவையோ மேடைக்குக் கூப்பிட்டு அவர்கள் கையால். பிரதம அதிதி ஒரு தோட்டத்து மருத்துவமாது (மிட்வைஃப்), அதே பள்ளியின் பழைய மாணவி, பத்து நிமிசத்தில் பேசி முடித்துவிட்டார். ஒரு மணிக்குள் எல்லாரும் சோறு சாப்பிட்டாயிற்று, ஒரே சாப்பாடு, ஒரே வரிசை.

முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடுகிற மாதிரி இவர்களுக்கும் போட்ட கறுப்புக் கவுனும் தொப்பியும் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு வாடகை வேறு. அந்தக் காசைச் சேர்த்தால் தோட்டத்துக்கு ஒரு பஸ் பிடிக்கலாமே என்று அக்கா அதிபரிடம் நேராகவே கேட்டிருக்கிறாள். கூட்டத்தில் பேசுவோம் என்றாராம்.