காட்சுராகாவாவில் வீடு: ஷிங்கான்சென் (புல்லட் ரயில்) வரும் என்று நம்பி வாங்கலாமா?

ஏழாம்மாடி (கேள்வி)

கியோட்டோவில் பதினோரு வருடமாக வாடகை வீடு. இப்போது சொந்தமாக ஒரு மன்ஷன், அதாவது அடுக்குமாடி வீடு, வாங்கலாம் என்று தேடுகிறோம். போன சனிக்கிழமை காட்சுராகாவா நிலையத்துக்குப் பக்கத்தில் ஒன்று பார்த்தோம். ஏழாவது மாடி. பால்கனியில் நின்றால் ரயில்கள் வரிசையாக நிற்கும் யார்டு தெரிகிறது. என் பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றான். விலைதான் எங்கள் கைக்குக் கொஞ்சம் மேலே. நாங்கள் தயங்குவதைப் பார்த்த தரகர், வரைபடத்தை விரித்து நிலையத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். "ஹொகுரிகு ஷிங்கான்சென் இங்கேதான் வரப்போகிறது. வந்துவிட்டால் இந்த விலையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது" என்றார்.

நான் படித்துத் தெரிந்துகொண்டது இவ்வளவு. 2024 மார்ச் 16-ல் டோக்கியோவிலிருந்து சுருகா என்ற ஊர் வரை வண்டி வந்துவிட்டது. அங்கிருந்து ஒபாமா, கியோட்டோ வழியாக ஷின்-ஒசாகா போக வேண்டும். கியோட்டோவில் நிலையம் எங்கே என்பதற்கு அதே வருடம் ஆகஸ்டில் மூன்று யோசனைகளை வைத்தார்கள். கியோட்டோ நிலையத்துக்கு அடியில் கிழக்கு மேற்காக, அதன் அருகே வடக்கு தெற்காக, இல்லையென்றால் எங்கள் காட்சுராகாவா. டிசம்பரில் கிழக்கு மேற்கைக் கைவிட்டார்கள். ஆக, அப்போது மிஞ்சியது இரண்டு. தரகர் சொல்வதில் பாதியாவது உண்மை இருக்குமா?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. இந்த ஊருக்கு இன்னொரு ஷிங்கான்சென் வேண்டுமா? என் மனைவி வேலைக்குப் போவது சுற்றுலாக்காரர்கள் குவியும் கின்காகுஜி (பொற்கோயில்) பக்கம். 205 பஸ்ஸில் ஆளை விட சூட்கேஸ்தான் அதிகம். கூட்டத்தைக் குறைக்க ஒருநாள் பஸ் பாஸையே நிறுத்திப் பார்த்தார்கள், ஆனாலும் அவள் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏறுகிறாள். நிலையம் காட்சுராகாவாவுக்கு வந்தால் கூட்டம் கொஞ்சம் பிரியுமே என்று ஒரு நப்பாசை. அதில் என் சுயநலமும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

சுரங்க_எலி

சுரங்க வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கிழக்கு மேற்கு ஏன் போனது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். கியோட்டோவின் நிலத்தடி நீர் மொத்தத்தில் வடக்கிலிருந்து தெற்கே நகர்கிறது. நிலையம் என்பது மண்ணுக்குள் இறக்கும் பெரிய கான்கிரீட் பெட்டி. அதை அதிக ஆழமில்லாமல் குறுக்கே வைப்பது, வாய்க்காலுக்குக் குறுக்கே வரப்பு போட்ட மாதிரி. மேலே தண்ணீர் தேங்கும், கீழே கிணறு இறங்கும். வடக்கு தெற்காக வைத்தால் நீரோட்டத்தோடு படுத்துக்கொள்ளும், ஆனால் ஆழமாகப் போக வேண்டும்.

இப்போது உங்கள் வட்டம். அரசு போட்ட கணக்கிலேயே காட்சுராகாவாவுக்கு 3.4 லட்சம் கோடி யென், சுமார் 26 வருடம். வடக்கு தெற்குக்கு 3.9 லட்சம் கோடி, 20 வருடம். இன்றைக்கே கடப்பாரையைப் போட்டால்தான் இந்தக் கணக்கு. 2025 நிதியாண்டில் தொடங்குவதாக இருந்ததையே தள்ளிப்போட்டுவிட்டார்கள். கியோட்டோவுக்குக் கிழக்கே மைபாராவில் பழைய ஷிங்கான்சென் பாதையோடு சேர்த்துவிடலாம் என்ற பழைய பேச்சும் மறுபடி கிளம்பியிருக்கிறது. அப்படிப் போனால் கியோட்டோவில் புது நிலையமே கிடையாது. உங்களுக்கு என்ன வயது?

ஒரு விஷயத்தைத் தரகர் சொல்லியிருக்க மாட்டார். சுரங்கம் 40 மீட்டருக்குக் கீழே போனால், ஆழ்நிலத்தடிச் சட்டப்படி மேலே வீடு வைத்திருப்பவருக்குப் பொதுவாக இழப்பீடு இல்லை, சம்மதமும் கேட்க வேண்டியதில்லை. அவ்வளவு ஆழத்தில் தோண்டினால் மேலே ஒன்றும் ஆகாது என்றுதான் நாங்களும் சொல்வோம். 2020 அக்டோபரில் டோக்கியோவின் சோஃபுவில், நெடுஞ்சாலைச் சுரங்கத்துக்கு மேலே வீடுகளுக்கு நடுவே தெரு உள்வாங்கியது. அதிலிருந்து கொஞ்சம் தணிந்த குரலில் சொல்கிறோம்.

கிணற்றடி

கியோட்டோவின் தெற்கே ஃபுஷிமியிலிருந்து எழுதுகிறேன். கோகோனோமியா கோயிலில் ஊற்றுத் தண்ணீர் பிடிக்க வாரம் ஒருமுறை நாலு பாட்டிலோடு போவேன். எனக்கு முன்னால் எப்போதும் ஒரு தாத்தா இருப்பார், அவரிடம் பத்து. அந்தத் தண்ணீரில் சோறு வடித்துப் பாருங்கள், அப்புறம் குழாய்த் தண்ணீர் பக்கம் போக மாட்டீர்கள்.

அந்தக் கோயிலுக்குக் கீழே கொஞ்ச தூரத்தில் மொமோயாமா-கோர்யோமாயே நிலையம் இருக்கிறது. தண்டவாளம் தலைக்கு மேலே போகும். 1928-ல் நாராவுக்குப் போகும் அந்தப் பாதையைப் போட்டபோது ஃபுஷிமியில் பூமிக்கு அடியில் கொண்டுபோவதாகத்தான் இருந்ததாம். எங்கள் தண்ணீர் போய்விடும் என்று சாகே (அரிசி மது) வடிப்பவர்கள் எதிர்த்ததால் தூணில் ஏற்றினார்கள். இன்றைக்கும் வடிப்பவர்கள் சங்கம் அதையேதான் சொல்கிறது. தோஃபுக் கடைக்காரர்களும், சாயம் போடுபவர்களும், கோயில்காரர்களும் கூடவே நிற்கிறார்கள். இந்த ஊரில் அவர்களைத் தாண்டி மண்வெட்டி இறங்கும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள் தம்பி.

தண்டர்பேர்டு_பயணி

எல்லோரும் வேண்டாம் என்றால் எப்படி? ஒசாகாவிலிருந்து மாதம் இரண்டு தடவை கனாசாவா போகிறவன் நான். முன்பு ஒரே வண்டி, ஏறினால் தூங்கலாம். இப்போது சுருகாவில் இறங்கி, தரைத் தளத்திலிருந்து இரண்டாம் தளத்து கேட்டைக் கடந்து, மூன்றாம் தளத்தில் ஷிங்கான்சென் பிடிக்க வேண்டும். இணைப்புக்குக் கொடுத்திருப்பது எட்டு நிமிடம். அந்தக் கட்டடமோ 37 மீட்டர் உயரம், கோட்டை மாதிரி. என் அம்மா வந்திருந்தபோது எஸ்கலேட்டரில் கால் வைக்கவே பயந்தார், லிஃப்டில் வரிசை. ஓடிப்போய் ஏறினோம். வேகமான ரயிலைக் கொண்டுவந்து பாதி வழியில் நிறுத்தினால் இதுதான் கதி. எங்கேயாவது ஒரு இடத்தில் கட்டித் தொலையுங்கள் என்பதுதான் என் கருத்து.

வீட்டு விஷயத்தில் மட்டும் மற்றவர்கள் சொல்வது சரி. காட்சுராகாவாவிலிருந்து கியோட்டோ இப்போதே இரண்டாவது ஸ்டேஷன். பக்கத்திலேயே பெரிய மால், நடந்தால் ஹான்கியூ என்ற தனியார் ரயில் லைன். அதற்கு என்ன விலையோ அதைக் கொடுங்கள்.

ஏழாம்மாடி

எலியாரே, வயது 41. கூட்டிப் பார்த்துவிட்டேன், 67.

நேற்று தரகரிடம் மறுபடி போனேன். "ஷிங்கான்சென் வரும் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதித் தருவீர்களா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வரைபடத்தைச் சுருட்டிவிட்டார். சிரிப்பு அடங்கியபின் விலையில் கொஞ்சம் இறங்கினார். பையன் அந்த யார்டை இரண்டு பக்கத்துக்கு வரைந்து வைத்திருக்கிறான், அதனால் வாங்கினாலும் வாங்குவோம்.

மாதாமாதம் பராமரிப்புக்கும் பழுதுநிதிக்கும் சேர்த்து 27,000 யென் கேட்கிறார்கள். பன்னிரண்டு வருடம் ஆன கட்டடத்துக்கு இது அதிகமா?