புரோஸ்டேட் புற்றுநோயில் ரத்தக்குழாய் எண்ணிக்கை: ஒரே ஸ்லைடுக்கு இரண்டு விடை

யீஷூன்_ஸ்லைடு: அறுவையில் எடுத்த புரோஸ்டேட்டில் சிடி34 சாயம் (குழாயின் உட்சுவர்ச் செல்களைப் பழுப்பாகக் காட்டுவது) போட்டு நுண் ரத்தக்குழாய்களை எண்ணுகிறோம். ஒரே ஹாட்ஸ்பாட் (குழாய் அடர்ந்த இடம்), 20 மடங்கு பெருக்கும் லென்ஸ். ஒருவருக்கு 62, இன்னொருவருக்கு 91. எங்கே பிசகு? ஊசி பயாப்சியிலும் (ஊசியால் எடுக்கும் சிறு திசுத் துண்டிலும்) இதை எண்ணி நோயின் போக்கைச் சொல்லலாமா?

தேக்கா_நுண்ணோக்கி: எதை ஒரு குழாய் என்று கணக்கில் எடுக்கிறீர்கள்? ஹாட்ஸ்பாட்டில் எண்ணும் வெய்ட்னர் முறையில் குழாயின் ஓட்டை தெரியவேண்டும் என்றில்லை. பக்கத்துக் குழாயை ஒட்டாமல் தனித்து நிற்கும் ஒற்றைப் பழுப்பு செல்லும் ஒன்றுதான். புரோஸ்டேட்டில் இன்னொரு தொல்லை, குழாய்க்குச் சம்பந்தமில்லாத இணைப்புத்திசுச் செல்களும் சிடி34 பிடிக்கும். சந்தேகம் வந்தால் திசுவின் அடுத்த சீவலில் சிடி31 என்ற இன்னொரு குழாய்ச் சாயம் போட்டு ஒப்பிடுங்கள். நம்மூர் ஈரத்தில் வெட்டிய சீவலை வாரக்கணக்கில் வெளியே வைத்தாலும் சாயம் மங்கும்.

ஜூரோங்_லேப்: அதற்கு முன்னால் ஐபீஸை (நுண்ணோக்கியில் கண் வைக்கும் லென்ஸை) திருப்பிப் பாருங்கள். அதில் எழுதியிருக்கும் எஃப்என், அதாவது பார்வைப் புல எண், எவ்வளவு?

யீஷூன்_ஸ்லைடு: ஒன்றில் 18, மற்றதில் 22.

ஜூரோங்_லேப்: அப்புறம் என்ன! எஃப்என்னை 20ஆல் வகுத்தால் பார்வை வட்டத்தின் விட்டம்: 0.9 மிமீ, 1.1 மிமீ. பரப்பு 0.64, 0.95 சதுர மிமீ. 62ஐயும் 91ஐயும் அதனதன் பரப்பால் வகுங்கள், இரண்டுமே சதுர மிமீக்கு ஏறக்குறைய 96தான். இருவரும் சரியாகவே எண்ணியிருக்கிறீர்கள். வெறும் எண்ணை எழுதாமல் பரப்போடு சேர்த்து எழுதுங்கள்.

பயாப்சிக்கு இது ஒத்துவராது. 18 கேஜ் ஊசியில் வரும் துண்டின் அகலம் 1 மிமீகூடத் தேறாது, உங்கள் பெரிய வட்டமே துண்டுக்கு வெளியே வழியும். அடர்ந்த இடம் ஊசியில் சிக்கியதா என்பதும் அதிர்ஷ்டம்.

தேக்கா_நுண்ணோக்கி: முன்கணிப்பு பற்றி: 1993இல் வெய்ட்னர் குழு, குழாய் அடர்த்தி கூடினால் நோய் பரவியிருப்பதோடு பொருந்துகிறது என்றது. பின்னால் வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 2009இல் முச்சி என்ற ஆய்வாளரின் குழு எண்ணிக்கையோடு வடிவத்தையும் பார்த்தது. குழாய் சிறுத்து, உள்விளிம்பு கோணல்மாணலாக இருந்தவர்களுக்கே உயிராபத்து அதிகம். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது: அவசரத்தில் முளைத்த குழாய் ஒழுங்காக வட்டமாக இருக்காது. ஸ்லைடை ஸ்கேன் செய்திருந்தால் விட்டத்தையும் அளந்து வையுங்கள். நோயாளியின் ரிப்போர்ட்டில் மட்டும் ஏற்றாதீர்கள், அங்கே கிளீசன் (நுண்ணோக்கியில் புற்றின் தீவிரத்துக்குத் தரும் மதிப்பெண்), பிஎஸ்ஏ (ரத்தத்தில் அளக்கும் புரோஸ்டேட் புரதம்), நோய் நிலை இவைதான் பேசும்.