போல்ட் வெளியே வர மறுக்கிறது, அவசர உதவி தேவை

வேதை_ரைடர்:
வணக்கம். பழைய டர்ட் பைக். பின்பக்க போல்ட் துருப்பிடித்து இறுகிவிட்டது. நேற்று சாயங்காலத்திலிருந்து அடிக்கிறேன், வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓடியாக வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

கோவை_மண்தடம்:
எந்த வண்டி? பின்பக்கம் என்றால் ஆக்சிலா, ஷாக் போல்ட்டா? போல்ட் தலை சுற்றுகிறதா, சுற்றவே இல்லையா?

ஸ்பேனர்14:
டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தானாக வரும்.

பழைய_பட்டறை:
தம்பி, வண்டி பேர் இல்லை, போட்டோ இல்லை, என்ன வைத்தியம் சொல்வது? இங்கே வாரம் ஒருவருக்கு இதையே சொல்கிறேன். நட்டை முழுதாகக் கழற்றிவிட்டு மரை மேல் நேரடியாக அடித்தாயா? அடித்திருந்தால் முனை காளான் மாதிரி விரிந்திருக்கும். அப்புறம் அது எந்த ஓட்டை வழியாகவும் வராது. நட்டை முனைக்குச் சமமாகத் திரும்ப மாட்டி, பித்தளை ராடு வைத்து அடி.

வேதை_ரைடர்:
மன்னிக்கவும். ஹீரோ இம்பல்ஸ், 2012. ஸ்விங் ஆர்ம் போல்ட், பின்சக்கரத்தைத் தாங்கும் கையை ஃபிரேமோடு சேர்ப்பது. நட் வந்துவிட்டது. தலை சுற்றுகிறது, வெளியே மட்டும் வரவில்லை.

கோவை_மண்தடம்:
சுற்றுகிறது என்பதுதான் முக்கியமான விஷயம். போல்ட் உள்ளே ஒரு இரும்புக் குழாய் வழியாகப் போகிறது. துரு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. நீங்கள் திருப்பும்போது குழாயும் சேர்ந்து சுற்றுகிறது. அதனால் எவ்வளவு திருப்பினாலும் பிடி விடாது. வண்டி எங்கே நிற்கும்? மழையிலா?

ஸ்பேனர்14:
அதற்குத்தான் டபிள்யூடி-40.

டீசல்_தாத்தா:
அது துரு இளக்கவென்று செய்த எண்ணெயே இல்லை. 1953இல் ஈரத்தை விரட்டி, அட்லஸ் ஏவுகணையில் துரு வராமல் காக்கத்தான் அதைச் செய்தார்கள். பேரிலேயே இருக்கிறது, ‘வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்’, நாற்பதாவது கலவை. மண்ணெண்ணெய் அதைவிட உள்ளே போகும்.

ஸ்பேனர்14:
எதற்குச் செய்தால் என்ன? என் ஆர்எக்ஸ் 100 சைலன்சர் நட் அதில்தான் வந்தது.

கியர்_ஆயில்:
ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி. ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பெயின்ட்டையும் தின்றுவிடும்.

பழைய_பட்டறை:
எண்ணெய்ச் சண்டையை வேறு இழையில் வையுங்கள். தம்பி, கேஸ் டார்ச்சால் சூடு காட்டுவதாக இருந்தால் டேங்கைக் கழற்றித் தள்ளி வை. எண்ணெய் அடித்த இடத்தைத் துடைத்துவிடு. பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீ காட்டவே காட்டாதே. குளோரின் கலந்த வகையென்றால் சூட்டில் பாஸ்ஜீன் வாயு வரும், நுரையீரல் போய்விடும். இதில் விளையாடாதே.

வேதை_ரைடர்:
வண்டி மழையில் நிற்காது. அப்பா தினமும் உப்பளத்துக்கு எடுத்துப் போவார். வேதாரண்யம்.

கோவை_மண்தடம்:
இதை முதலில் சொல்லியிருக்கலாமே! உப்புத் தண்ணீர் குழாய்க்குள் புகுந்து காய்ந்து, மறுபடி ஊறி, இத்தனை வருடம் தின்றிருக்கிறது. இரண்டு பக்கமும் எண்ணெய் விடுங்கள். ஸ்பேனரால் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அரை மணிக்கு ஒருமுறை இரண்டு அடி. பழுப்புச் சாறு கசிந்தால் எண்ணெய் உள்ளே போகிறது என்று அர்த்தம். இரண்டு நாள் பாருங்கள். வராவிட்டால் ஃபிரேமுக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஆக்சா பிளேடை மட்டும் நுழைத்து, இரு பக்கமும் அறுத்துவிடுங்கள். போல்ட், குழாய், அதைச் சுற்றியுள்ள புஷ் என்ற வளையம் மூன்றும் புதிதாகப் போட வேண்டிவரும். ஃபிரேம் பிழைக்கும்.

டீசல்_தாத்தா:
மண்ணெண்ணெய் என்றுதான் நான் முதலிலேயே சொன்னேன்.

ஸ்பேனர்14:
ரேஷனில் இப்போது யாருக்குக் கிடைக்கிறது?

வேதை_ரைடர்:
மூன்றாம் நாள் பழுப்புச் சாறு வந்தது, ஆனாலும் ஒரு விரல் அகலம் வந்து நின்றுவிட்டது. அறுத்துவிட்டோம். புது போல்ட்டுக்கு முழுக்க கிரீஸ் பூசிப் போட்டாயிற்று. ஞாயிறு தவறிவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

பழைய_பட்டறை:
கடல் பக்கமென்றால் வருடம் ஒருமுறை அந்த போல்ட்டை உருவி கிரீஸ் வை. உப்பளத்திலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்று.

கியர்_ஆயில்:
புஷ் எங்கே கிடைத்தது? எனக்கும் அதே வண்டிதான்.