ஏரித் தரவை ஷேப்ஃபைலில் கொடுப்பதை நிறுத்தலாமா?

மடையான்: எங்கள் வட்டாரத்து ஏரி, குளம், வரத்துக்கால் எல்லாவற்றையும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து முடித்துவிட்டோம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். வரைபடத் தரவுக் கோப்பு வடிவங்களில் ஜியோபேக்கேஜ் மட்டும் கொடுத்தால் போதும், ஷேப்ஃபைல் வேண்டாம் என்பது என் கட்சி. தமிழுக்காகத்தான் சொல்கிறேன். ஷேப்ஃபைலின் விவரங்கள் டிபிஎஃப் என்ற அட்டவணைக் கோப்பில் போகின்றன. அதில் நெடுவரிசைப் பெயருக்கு 10 பைட்டுதான் இடம். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் தமிழ்க் குறி (எழுத்தோ காலோ புள்ளியோ) ஒன்றுக்கு 3 பைட்டு. 'மாவட்டம்' என்று வைத்தால் 'மாவ' வரைதான் கொள்ளும்.

சங்கிலி: தலைப்பை ஆங்கிலத்தில் சுருக்கி வைத்தால் தீர்ந்தது. எஸ்ரி நிறுவனம் ஷேப்ஃபைல் வடிவத்தின் விவரக்குறிப்பை 1998இல் வெளியிட்டது. அதன்பின் ஏறக்குறைய எல்லா மென்பொருளும் அதைத் திறக்கும். நான் நில அளவை வேலை பார்க்கிறேன். களத்தில் இருக்கும் பழைய கணினிகளில் ஜியோபேக்கேஜ் திறக்கவில்லை. ஏரி அளவு யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களிடம்தான் அந்தக் கணினிகள் இருக்கின்றன.

மடையான்: தலைப்பு போகட்டும், உள்ளே இருப்பது? ஒரு கட்டத்துக்கு 254 பைட்டு, அதாவது 84 தமிழ்க் குறி. புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனிக் குறிகள் என்பதால் பத்துப் பன்னிரண்டு சொல்லில் முடிந்துவிடும். எந்த மடை எந்த வயலுக்கு, கலிங்கு எப்போது உடைந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறோம். அதைப் பாதியில் வெட்ட எனக்கு மனம் வரவில்லை. அப்புறம், '.shp' என்ற ஒரு கோப்பை மட்டும் அனுப்பிவிட்டு விவரங்கள் உள்ள '.dbf'ஐயும் ஆயத்தொலை முறையைச் சொல்லும் '.prj'ஐயும் விட்டுவிடுபவர்கள் எத்தனை பேர்! ஜியோபேக்கேஜில் எல்லாம் ஒரே கோப்பு.

சங்கிலி: ஒரே கோப்பு என்பது முழு உண்மை இல்லை. அது எஸ்கியூலைட் என்ற வகைத் தரவுத்தளம். கியூஜிஐஎஸ்ஸில் திறந்திருக்கும்போது பக்கத்தில் '-wal', '-shm' என்று இரண்டு தற்காலிகக் கோப்புகள் முளைக்கும்; புதிய திருத்தங்கள் முதலில் '-wal'இல்தான் சேரும். எங்கள் பகிர்வுக் கோப்புறையில் ஒருவர் திறந்து வைத்திருந்தபோது இன்னொருவர் '.gpkg'ஐ மட்டும் நகலெடுத்தார். அன்று காலை செய்த திருத்தங்கள் நகலில் இல்லை. ஒரு நாள் வேலை போனது.

நூலகப்பிரியை: இரண்டையும் கொடுக்கலாமே? மூலம் ஜியோபேக்கேஜாக இருக்கட்டும், வெளியிடும் அன்று ஜிடால் என்ற மென்பொருள் நூலகத்தின் ஓஜிஆர்2ஓஜிஆர் கட்டளை கொண்டு ஷேப்ஃபைலாக மாற்றுங்கள். ஃபிராங்க் வார்மர்டாம் 1998இல் தொடங்கிய நூலகம் அது. கியூஜிஐஎஸ்ஸும் பைத்தான் மொழியின் ஜியோபாண்டாஸும் கோப்பைப் படிக்க அதையே நம்புகின்றன. குறிமுறை யூடிஎஃப்-8 என்று கட்டளையில் மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தமிழுக்கு இடமில்லாத லத்தீன்-1 குறிமுறை என்று எடுத்துக்கொண்டு தமிழ் முழுவதையும் கேள்விக்குறிகளாக எழுதிவிடும்.

மடையான்: கூடவே கொடுத்தால் எல்லோரும் ஷேப்ஃபைலைத்தான் இறக்குவார்கள். வெட்டுப்பட்டதே ஊரெல்லாம் சுற்றும். வேண்டுமானால் எல்லைக்கோடும் ஏரியின் எண்ணும் மட்டும் ஷேப்ஃபைலில் போகட்டும். பெரியவர்கள் சொன்னது அதில் வேண்டாம்.

சங்கிலி: சரி, எண் இருந்தால் எனக்குப் போதும். ஒரு ஏரியை மட்டும் அப்படி மாற்றி அனுப்புங்கள். நாளை களத்துக் கணினியில் திறந்து பார்த்துச் சொல்கிறேன்.