லுசைல்: ரோடு அகலம், ஆள் சொற்பம்

பெரிய கட்டடங்களின் ஏசி பராமரிப்பு எங்கள் கம்பெனி வேலை. அந்த வகையில் கத்தாருக்கு அவ்வப்போது போய்வருகிறேன். தோஹாவைப் பற்றி நிறைய பேர் சொல்லிவிட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது அதற்கு வடக்கே, கடலோரமாகப் புதிதாக எழுப்பியிருக்கும் லுசைல் பற்றி. 2022 டிசம்பரில் மெஸ்ஸி உலகக் கோப்பையைத் தூக்கினாரே, அந்த ஊர்தான்.

இறுதிப் போட்டியன்று மைதானத்தில் மட்டும் 88,966 பேர். நான் போனது கோடையில், வேலை நாள் மத்தியானம். டிராம் வந்து நின்றது, கதவு திறந்தது, ஏறவும் ஆளில்லை இறங்கவும் ஆளில்லை, மூடிக்கொண்டு போய்விட்டது. வண்டியே வராத ரோட்டைக் கடக்க சிக்னலுக்குக் காத்து நின்றேன். (நம்மூரில் ஒருநாளும் நின்றதில்லை!) குடியிருப்பவர்கள், வேலைக்கு வருபவர்கள், வந்துபோகிறவர்கள் என்று எல்லாம் சேர்த்து சுமார் நாலரை லட்சம் பேருக்குப் போட்ட திட்டம் இது. அத்தனை பேர் வருவதற்குள் ஊரை எழுப்பிவிட்டார்கள்.

நாங்கள் பார்க்கப் போன டவரில் பல மாடிகள் காலி. லிஃப்ட் பட்டன்கள் மேல் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. டைல்ஸ் மேல் விரித்த அட்டை அப்படியே கிடந்தது. ஆனால் சுவரில் தெர்மோஸ்டாட் 24 காட்டிக்கொண்டிருந்தது. ஆளில்லாத இடத்துக்கு எதற்கு ஏசி என்று கேட்கத் தோன்றும். நிறுத்தினால் தொலைந்தது. ஆகஸ்ட், செப்டம்பரில் அங்கே வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி பனித்துப்போகும், அவ்வளவு ஈரம் காற்றில். அது உள்ளே புகுந்தால் ஜிப்சம் சீலிங்கில் பூஞ்சை பிடிக்கும், மரக்கதவு உப்பிக்கொள்ளும். லுசைலில் பொது பிளாண்டில் தண்ணீரைக் குளிரவைத்து, மண்ணுக்கடியில் குழாய் போட்டுக் கட்டடங்களுக்கு அனுப்புகிறார்கள். இந்த ஏற்பாட்டில் பயன்படுத்தும் அளவுக்கு ஒரு பில் என்றால், ஒதுக்கிய அளவுக்கு இன்னொரு பில் வழக்கமாக உண்டு. வாடகைக்கு ஆள் வராவிட்டாலும் பில் வரும். ஓனர்கள் புலம்புவது இதைப் பற்றித்தான்.

திரும்பும்போது வண்டி ஓட்டியவர் புதுக்கோட்டைக்காரர். "என்னங்க, ஊரே இல்லையே?" என்றேன். "ஆளுங்க எல்லாம் எங்க பக்கம் இருக்காங்க சார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்கு வாங்க, கால் வைக்க இடம் இருக்காது" என்றார். தோஹாவின் தென்மேற்கில் இருக்கிறது அது. கட்டடம் கட்டுகிறவர்களில் ஏராளமானோர் தங்குவது அந்தப் பக்கம்தான்.

அதற்காக லுசைலைப் பேய் நகரம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மூன்றரை வரை வெயிலில் வேலை வாங்கவே அங்கே தடை. அந்த நேரத்தில் ரோட்டில் யார் இருப்பார்கள்? குளிர்கால ராத்திரியில் லுசைலின் பெரிய வீதியான பூல்வார்டில் குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் உலாத்துவதைப் பார்த்திருக்கிறேன். நடுவே கால்வாய் ஓடும் பிளேஸ் வான்டோம் மாலிலும் வாரக் கடைசியில் நல்ல கூட்டம்.

வேலையாகப் போகிறவர்களுக்கு ஒன்று. ரூமை தோஹா நடுவில் இருக்கும் முஷெய்ரிப் பக்கம் போடுங்கள். மெட்ரோவின் மூன்று லைனும் சேரும் இடம், ரெட் லைனில் ஏறினால் நேரே லுசைல், இட்லி தோசைக்கும் அதிகம் அலைய வேண்டாம்.