தடைக்காலத்துப் படகுத்துறையில் முதலில் எந்தச் சிரிப்புப் படம் போடலாம்?

குந்துகால்காரன்:

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. படகெல்லாம் கரையேறிக் கிடக்கும். பகலில் பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது என்று பொழுது போய்விடும். இருட்டினால் சீட்டுக்கட்டு, அது முற்றினால் சண்டை. இந்த வருடம் ஒரு பழைய புரொஜெக்டர் வாங்கியிருக்கிறேன். இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்தால் திரை. தினம் ஒரு கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படம், அரை மணிக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் எங்கள் ஆட்கள் உட்கார மாட்டார்கள்.

இந்தப் பைத்தியம் எனக்குச் சின்ன மாமாவிடமிருந்து வந்தது. கப்பலில் வேலை பார்த்தவர். மற்றவர்கள் சென்ட்டும் கைலியும் கொண்டுவந்தால் இவர் வீடியோ கேசட் கொண்டுவருவார், அதுவும் டெக் இல்லாத வீட்டுக்கு. அவர் போன பிறகு டிரங்குப் பெட்டி என் பங்குக்கு வந்தது. அதோடு நான் சேர்த்த பழைய ஹாலிவுட் டிவிடிகளும் உண்டு. லாரல் ஹார்டி பதினொன்று, பஸ்டர் கீட்டன் ஒன்பது, சாப்ளின் 1916, 1917-இல் மியூச்சுவல் கம்பெனிக்கு எடுத்த பன்னிரண்டும், த்ரீ ஸ்டூஜஸ் கொஞ்சம்.

என் கணக்கில் முதலிடம் லாரல் ஹார்டியின் ‘தி மியூசிக் பாக்ஸ்’. இரண்டாவது சாப்ளினின் ‘தி இமிக்ரன்ட்’, கப்பல் ஆடுகிற ஆட்டத்துக்காகவே. மூன்றிலிருந்து ஐந்து வரை தினம் மாற்றி மாற்றி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எப்படி அடுக்குவீர்கள்?

இன்னொன்று. பெட்டியின் அடியில் 200 அடி எட்டு மில்லிமீட்டர் பிலிம் ரீல் ஒன்று இருந்தது, லேபிள் அழிந்துபோய். டப்பாவைத் திறந்ததும் குப்பென்று காடி (வினிகர்) வாசம். அம்மா நேரே அடுப்படிக்குப் போய் ஊறுகாய் ஜாடிகளை முகர்ந்து பார்த்தார். இதை ஓட்டிப் பார்க்கலாமா?

கீழக்கரை காக்கா:

தம்பி, ‘மியூசிக் பாக்ஸ்’ நல்ல படம்தான், யார் இல்லை என்றது? 1932-இல் வந்தது, காமெடிக் குறும்படத்துக்கென்று ஆஸ்கர் கொடுக்கத் தொடங்கியபோது முதல் பரிசு அதற்குத்தான். பியானோவைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற அந்தப் படிக்கட்டு லாஸ் ஏஞ்சல்ஸில் இன்னும் இருக்கிறது, 133 படி. ஆனால் பாம்பன் துறையில் பியானோ பார்த்தவர் எத்தனை பேர்?

அதே 1932 கடைசியில் வந்த ‘டோவ்ட் இன் எ ஹோல்’ உங்கள் பதினொன்றில் இருக்கிறதா பாருங்கள். லாரலும் ஹார்டியும் அதில் மீன் வியாபாரிகள். பழைய காரில் மீனை வைத்து, ஒருவர் கூவ, இன்னொருவர் ஊதுகுழல் ஊத, தெருத்தெருவாகப் போகிறார்கள். லாரலுக்கு யோசனை வருகிறது: நாமே படகு வாங்கி நாமே பிடித்தால் நடுவில் யாருக்கும் பங்கு இல்லையே! திருப்பிச் சொல் என்று ஹார்டி கேட்டதும் மனிதர் குழப்பிக் குழப்பி வேறு எதையோ சொல்கிறார். முன்பணம் வாங்கிவிட்டுப் பிடித்ததையெல்லாம் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்கிறவன் இந்தக் காட்சியைப் பார்த்தால் சும்மா இருப்பானா? எங்கள் வீட்டில் வாப்பா விழுந்து விழுந்து சிரிப்பார், அவரே வியாபாரிதான்.

தொண்டி வாத்தியார்:

காக்கா சொன்ன படத்துக்கு மறுப்பில்லை. ஆனால் அது பேசும்படம். மே பாதிக்கு மேல் கச்சான் காற்று எழுந்துவிட்டால் துறையில் பக்கத்து ஆள் பேச்சே கேட்காது. ஸ்பீக்கர் என்ன செய்யும்? மௌனப் படத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நடுவில் வருகிற நாலு எழுத்து அட்டையை யாராவது தமிழில் கத்திச் சொன்னால் போதும்.

ஆகவே என் முதலிடம் கீட்டனின் ‘தி போட்’, 1921. வீட்டுக்கு அடியில் அறைக்குள்ளேயே படகு கட்டுகிறார். வெளியே இழுக்கும்போது வாசல் பத்தவில்லை, வீடே சரிகிறது. தண்ணீரில் இறக்குகிற காட்சியில் படகின் மேல் கம்பீரமாக நிற்கிறார். படகு வழுக்கி இறங்கி, மிதக்காமல், அப்படியே உள்ளே போகிறது. முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. உள்ளே ஓட்டை விழுந்தால் மனைவி சுட்ட கெட்டி தோசையை வைத்து அடைக்கிறார். (தோசை என்று சொல்வது என் வசதிக்கு.)

பாம்பன்காரர்களுக்கு ஒரு விசேஷம்: தாழ்ந்த பாலம் வந்தால் அந்தப் படகின் பாய்மரம் மடங்கிப் படுத்துக்கொள்ளும். உங்கள் ஊரில் 1914-இலேயே பாலம் பிளந்து கப்பலுக்கு வழி விட்டது. யார் யாருக்குக் குனிவது என்பதை அவர் தலைகீழாக வைத்திருக்கிறார்.

டிவிடியின் வேகத்தைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள், பெரும்பாலும் நொடிக்கு 24 பிரேமுக்குக் குறைவாகவே. அதை 24-இல் ஓட்டிப் பதிந்த மலிவு டிஸ்க்கில் ஆட்கள் எறும்பு மாதிரி ஓடுவார்கள். கீட்டன் விழுகிற விழு முழுவதும் நேரக்கணக்கு. அது கெட்டால் வெறும் விழுதல்தான்.

ரீலைத் தயவுசெய்து ஓட்டாதீர்கள். காடி வாசம் வந்தால் அசிடேட் பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும், நம் கடற்கரையில் இரண்டுக்கும் குறைவில்லை. பிலிம் சுருங்கினால் ஓரத் துளைகள் புரொஜெக்டர் பல்லில் உட்காராது, கிழிந்துவிடும். வெளிவருகிற ஆவி அடைத்த டப்பாவுக்குள்ளேயே தங்கினால் மேலும் கெடும், பக்கத்து ரீல்களையும் பிடிக்கும். தனியாக, காற்றாட, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். பிரேம் பிரேமாக ஸ்கேன் செய்கிறவர் கிடைத்தால் கொடுங்கள், ஏறக்குறைய கால் மணி நேரப் படம் வரும். மாமாவின் கேசட்டுகளில் வெள்ளைப் பூசணம் பூத்திருந்தால் டெக்கில் போடாதீர்கள். ஒன்றைப் போட்டால் ஹெட்டில் ஒட்டி மற்றதுக்கெல்லாம் பரவும்.

ஏர்வாடிப் பொடியன்:

ஸ்டூஜஸை யாருமே கணக்கில் எடுக்காதது அநியாயம். 1934 முதல் 1959 வரை கொலம்பியா கம்பெனிக்கு 190 படம். கண்ணில் குத்து, மண்டையில் கொட்டு, அவ்வளவுதான், ஆனால் அந்த ‘டொய்ங்’ சத்தம் இருக்கிறதே! நேசமணி தலையில் விழுந்த சுத்தியலுக்குச் சிரித்த ஊர் இதற்குச் சிரிக்காதா? மூவரில் மொட்டைத் தலைக் கர்லி இருக்கிற படமாகப் போடுங்கள். 1946-இல் பக்கவாதம் வந்து அவர் விலகிய பிறகு வந்தவை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

குந்துகால்காரன்:

காக்கா, வாத்தியார் சார், தம்பி, எல்லாருக்கும் நன்றி. பதினெட்டு நாள் ஓட்டியாயிற்று. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் ‘தி போட்’. வீடு சரிந்ததும் துறையே அதிர்ந்தது. ஆனால் படகு நேரே உள்ளே போனபோது ஒரு சத்தமில்லை. படகு இறக்கும் நாள் இங்கே தேங்காய் உடைத்து, கும்பிட்டு, கடனை நினைத்துக்கொண்டு நிற்கிற நாள். அது முழுகினால் யாருக்குச் சிரிப்பு வரும்? சம்மாட்டி (படகு முதலாளி) ஒருவர் “நல்லதாப் போடப்பா” என்று எழுந்தே விட்டார். அப்புறம் படகு கட்டுகிற எங்கள் ஓடாவித் தாத்தா, எழுபது வயதுக்கு மேல், மெல்ல இருமுகிற மாதிரி ஆரம்பித்துச் சிரிக்கத் தொடங்கினார். “மிதக்கவே மிதக்காத படகு நான்கூடக் கட்டினதில்லடா!” அதன் பிறகுதான் மற்றவர்களும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் ‘டோவ்ட் இன் எ ஹோல்’. நல்ல வேளை, காற்று அடங்கியிருந்தது. இருந்த கொஞ்சக் காற்றில் திரை பாய் மாதிரி உப்பி ஹார்டி இன்னும் குண்டானார். ஓட்டை எங்கே என்று பார்க்கப் படகுக்குள் தண்ணீர் விடுகிறார்களே, எல்லோரும் மடையன்கள் என்று சிரிக்க, தாத்தா மட்டும் கோபப்பட்டார். “அதுல என்ன தப்பு? நானும் அப்படித்தான் பாப்பேன்.” கடைசியில் காரால் இழுக்க முடியாமல் பாயை விரிக்க, படகு காரின் மேலேயே ஏறி எல்லாம் நொறுங்குகிறது. ஊதுகுழல் மட்டும் பிழைத்துக்கொள்கிறது. மறுநாள் சைக்கிள் மீன்காரரைப் பார்த்து ஊதச் சொல்லி எல்லோரும் ஒரே கலாட்டா.

ஸ்டூஜஸ் பொடியன்களுக்கு மட்டும் பிடித்தது. கண்ணில் குத்தி விளையாட ஆரம்பித்ததால் இரண்டே நாளில் நிறுத்திவிட்டேன். மன்னிக்கவும் தம்பி.

‘மியூசிக் பாக்ஸ்’ ஐந்தாவது இடத்துக்குப் போயிற்று. எனக்கு வருத்தம்தான். ஐஸ் பெட்டி சுமக்கிறவர்கள் முகத்தைப் பார்த்தேன். பியானோ ஒவ்வொரு முறை கீழே உருளும்போதும் “அய்யோ” என்றார்களே தவிரச் சிரிக்கவில்லை. முதலிடம் மீன் படத்துக்கு, ஒரு மயிரிழையில். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. ‘தி போட்’ கடைசிக் கட்டம் இன்னும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எல்லாம் முடிந்தது என்று முங்கப் போகிறவர்கள் எழுந்து நின்றால் தண்ணீர் நிற்கிற ஆழம்தான். எங்கள் வடக்குக் கரையில் நடந்தே போகிற ஆழம்.

அந்தப் படகின் பெயரை வைத்து ஒரு சிலேடை இருக்கிறது. அட்டையைக் கத்திச் சொன்னது நான்தான், ‘எனக்கெப்படித் தெரியும்’ என்று பெயர் வைத்துவிட்டேன். புயலில் ரேடியோக்காரர் படகு பேர் என்ன என்று கேட்கிறார். எனக்கெப்படித் தெரியும் என்கிறார் கீட்டன். எனக்கும் தெரியாது என்று அவர் வைத்துவிடுகிறார். இப்போது துறையில் ஒரு சின்ன வள்ளத்தின் அணியத்தில் (முன்பக்கத்தில்) யாரோ சாக்பீஸால் அந்தப் பெயரை எழுதியிருக்கிறார்கள். உடையவர் இன்னும் அழிக்கவில்லை.

ரீல் மாடி அறையில், துணியில் சுற்றித் தனியாக இருக்கிறது. ஓட்டவில்லை. அம்மா ஊறுகாய் ஜாடிகளைக் கீழே இறக்கிவிட்டார்.